20 சதவீதம் கையில் இருந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சனிக்கிழமை சொத்து இணைப்பைத் தவறாமல் படிக்கிறவன் நான். வீட்டுக்கடன் பற்றி எழுதும்போதெல்லாம் அதில் "விலையில் 20 சதவீதம் கையில் இருந்தால் போதும், மீதியை வங்கி தரும்" என்கிற மாதிரி ஒரு வரி வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வரியை நம்பித்தான் நானும் என் மனைவியும் 2022 தொடக்கத்தில் ஊரப்பாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட்டை 50 லட்சத்துக்குப் பேசி முடித்தோம்.

கையில் 10 லட்சம் இருந்தது, ஏழு வருடச் சேமிப்பு. வங்கி 40 லட்சம் தரும், கணக்கு சரி என்று அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அப்புறம்தான் பத்திரம் எழுதுபவர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார்: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் அப்போது 4 சதவீதம், ஆக ஐந்தரை லட்சம். இதை வீட்டுக்கடனில் சேர்க்க முடியாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம், அந்த மதிப்பில் பத்திரச் செலவைச் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதுபோக புரோக்கர் கமிஷன், வக்கீல் ஒப்பீனியன், பிராசஸிங் கட்டணம், பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததைப் பதியும் செலவு, குடிபோகும் முன் பெயின்ட், ஜன்னலுக்கு கிரில் என்று மொத்தம் 8 லட்சம் துண்டு விழுந்தது. மனைவியின் நகை அடகுக்குப் போனது, மீதிக்குத் தனிநபர் கடன்.

2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள், நல்லது. ஆனாலும் 50 லட்சம் ரூபாய் பழைய ஃபிளாட்டுக்குப் பத்திரச் செலவு மட்டும் நாலரை லட்சம். எல்லாம் சேர்த்தால் 17 லட்சமாவது சொந்தப் பணம் வேண்டும், அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கு. கட்டி முடியாத புது ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி வேறு, மலிவு விலை வீட்டுக்கான வரம்புக்குள் வராவிட்டால் 5 சதவீதம். இதை யாரும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை, நீங்களாவது போட வேண்டாமா?

இன்னொரு விஷயம், வட்டி. நாங்கள் வாங்கும்போது 6.75 சதவீதம், 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 30,400 ரூபாய். அந்த வருடம் மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி ஏற்றத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அதோடு சேர்ந்து எங்கள் வட்டியும் ஏறி 9.25 ஆனது. 40 லட்சத்துக்கு அந்த வட்டியில் ஒரு மாத வட்டி மட்டுமே 30,800 ரூபாய்க்கு மேல்! பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் அசலில் ஒரு பைசா குறையாது, கடன் ஏறிக்கொண்டே போகும். தவணையை 36,000க்கு மேல் ஏற்றித்தான் கட்டினோம், கூடவே நகைக்கடன் வட்டியும் தனிநபர் கடன் தவணையும். அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

அதனால்தான் கூடுவாஞ்சேரியில் வீடு பார்க்கும் என் தம்பியிடம், இன்றைய வட்டியோடு இரண்டரை சதவீதம் கூட்டிப்போட்டுத் தவணையைக் கணக்கிடச் சொன்னேன். அந்தத் தொகையில் இப்போது கொடுக்கிற வாடகையைக் கழித்துவிட்டு மீதியை மாதம் தவறாமல் ஆர்.டி.யில் கட்டுகிறான். ஆறு மாதம் கட்ட முடிந்தால் வீட்டுக்கடனையும் கட்ட முடியும், முடியாவிட்டால் சின்ன வீடாகப் பார்க்கலாம், சேர்ந்த பணம் பத்திரச் செலவுக்கு ஆகும். கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் அறிக்கையையும் வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகவே எடுக்கலாம் என்பதால் எடுத்துப் பார்த்தான், எப்போதோ தூக்கிப் போட்ட கிரெடிட் கார்டில் சில நூறு ரூபாய் பாக்கி நின்றது. அதை அடைத்துச் சரிசெய்யவே இரண்டு மாதம் ஆனது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு அது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உங்கள் இணைப்பில் ஒவ்வொரு வீட்டின் விலைக்குப் பக்கத்திலும், பத்திரச் செலவையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு சொந்தப் பணம் வேண்டும் என்று ஒரே ஒரு வரி போடுங்கள். அடுத்த சனிக்கிழமையே தொடங்கினால் ரொம்ப சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்