கல்லடிக் களரிக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

பெருமதிப்புக்குரியீர்,

மட்டக்களப்பு, கல்லடியில் அமைந்துள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மார்ச் மாதம் முழுவதும் நடைபெற்ற ஆற்றுகைக் கலை, காண்பியக் கலை நிகழ்வுகள் யாவும் இனிதே நிறைவெய்தியுள்ளன. மேடையில் தோன்றியவர்களுக்கு அன்றன்றே பொன்னாடை போர்த்தினோம், கைதட்டினோம், கூடி நின்று படமும் எடுத்துக்கொண்டோம். திரைக்குப் பின்னாலும் வளாகத்துக்கு வெளியிலும் நின்று இந்த மாதத்தைத் தாங்கியவர்களுக்கு அவ்வாறு எதுவும் செய்ய வாய்க்கவில்லை. அவர்களுக்கு எழுத்தில் நன்றி கூறுவதே இம்மடலின் நோக்கம். நன்றியுரைகளில் வழமையாக முன்னே வரும் அதிதிகளின் வரிசை இங்கே இடம்பெறாமையை அவர்கள் பொறுத்தருள்வார்கள் என நம்புகிறோம்.

மார்ச் மாதத்தை நாம் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. 8ஆம் திகதி சர்வதேச மகளிர் தினம். 27ஆம் திகதி உலக நாடக தினம். எமது நிறுவகம் எவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றதோ அந்தச் சுவாமி விபுலானந்தர் 1892ஆம் ஆண்டில் காரைதீவில் பிறந்ததும் இதே மார்ச் 27ஆம் திகதியிலேயே. ஆனால் நாட்காட்டிக்கு உகந்த மாதம் வயலுக்கும் உகந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக அறுவடை வேலைகள் முடிந்தும் முடியாமலும் இருந்த வேளை அது. எமக்குத் தேவைப்பட்ட, கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரிலும் கூத்தர்களிலும் பெரும்பாலானோர் வேளாண்மை செய்பவர்கள். பகலில் நெல்லைக் காயவிட்டு, மூடை கட்டி அடுக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வாவியைக் கடந்து கல்லடிக்கு வந்து, இரவு வெகுநேரம் வரை மாணவருக்குத் தாளக்கட்டுச் சொல்லிக்கொடுத்து, மறுநாள் விடியலில் மீண்டும் வயலில் நின்றவர்களுக்கு நாம் வழங்கிய போக்குவரத்துச் செலவு ஒரு கைம்மாறாகாது என்பதை அறிவோம்.

அவர்களுள் முதலாவது நன்றி, கூத்து மரபுகளுள் ஒன்றான வடமோடிக் கூத்தைப் பழக்கித் தந்த அண்ணாவியார் ஐயாவுக்கு உரியது. ஊரார் சேர்ந்து வளர்த்த கூத்தை ஒருவர் பெயரில் எழுதக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டமையால் இங்கு அவருடைய பெயரைத் தவிர்க்கிறோம். நிகழ்ச்சி நிரலில் கூத்துக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கப்பட்டிருந்ததை மாணவச் செயலாளர் வாசித்துக் காட்டியபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ரெண்டு மணித்தியாலத்துக்க கட்டியகாரன்ட வரவும் ராசாட கொலுவுந்தான் முடியும் மகன், சண்டைக்கு ஆர் நிக்கிற?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னர் ஏற்பாட்டுக் குழுவில் நடந்த விவாதம்தான் இந்த மாதத்தின் மிகப் பயனுள்ள கருத்தரங்கு என்பது என் சொந்த எண்ணம்.

அந்த விவாதத்துக்கு நீண்ட முன்கதை உண்டு. 1962ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை அழைத்து மாணவருக்குக் கூத்துப் பழக்குவித்து, ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். வட்டக் களரியில் விடிய விடிய ஆடப்பட்டு வந்த கூத்து, சில மணி நேரத்துக்குள் அடங்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்தது. கூத்தைப் படிக்காதவர் கலை என்று ஒதுக்கி வைத்திருந்தவர்கள் நகரத்து மண்டபங்களில் அமர்ந்து அதைப் பார்க்கத் தொடங்கியது அந்த முயற்சியால்தான். எமது நிறுவகத்தின் பாடத்திட்டத்தில் கூத்து இன்று இடம்பெறுவதற்கும் அந்த வழியே தடம் இட்டது. எனினும், சுருக்கிய வடிவத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த எம் மாணவரிற் பலர் அதுவே முழுக் கூத்து என்று எண்ணிவிட்டனர். இந்நிலையில், 27ஆம் திகதி உள்ளரங்கில் இரண்டு மணித்தியால ஆற்றுகையும், மாதத்தின் இறுதிச் சனிக்கிழமை இரவு திறந்த வெளியில் முழுக் கூத்தும் என இரண்டையும் செய்வதென்று முடிவாகியது. இரண்டையும் ஒரே அண்ணாவியார் பழக்கினார். எதை வெட்டுவது, எதை வெட்டலாகாது என்பதை அவரே தீர்மானித்தார். கொலு வரவின் ஆட்டங்களை அவர் சுருக்கினாரேயன்றி, காப்புப் பாடலில் ஓர் அடியையும் விடச் சம்மதிக்கவில்லை.

முழுக் கூத்துக்குக் களரி வேண்டும். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் புல்லைச் செதுக்கி, மண்ணை நனைத்து இறுக்கி, கம்பம் நட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டி, சுற்றிவர விளக்குத் தூக்கி அதை ஆக்கித் தந்தவர்கள் எமது பராமரிப்புப் பிரிவின் ஊழியர்கள். அவர்களுட் சிலர் தத்தம் ஊரில் கூத்தாடியவர்கள் என்பது அன்றுதான் எமக்குத் தெரியவந்தது. களரியின் அளவை எவரும் நாடா பிடித்துப் பார்க்கவில்லை. நடுவில் மத்தளகாரரும் தாளமும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, பிரம்பு வளையங்களால் விரியும் கரப்புடுப்பு எனும் கூத்துடுப்புக் கட்டிய இருவர் ஒருவரையொருவர் முட்டாமல் சுற்றிவர எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அவர்களில் ஒருவர் ஆடிக் காட்டியே கோடு கீறினார். நள்ளிரவுக்குப் பின் சிறு தூறல் விழுந்து மத்தளத்தின் தோல் தளர்ந்தபோது, வைக்கோல் மூட்டி அனல் காட்டியதும் அவர்களே. அலுவலகப் பதிவேட்டில் அவர்கள் கல்விசாரா ஊழியர்கள். அன்றிரவு அவர்களிடம் கல்வி கற்ற விரிவுரையாளர் சிலர் இருந்தோம்.

விடியும் வரை மத்தளம் ஒலித்த அந்த இரவில் கண்ணயர முடியாது போன அயல் வீட்டாருக்கு நன்றி கூறுவதுடன், தேநீர்க் கேத்தலுடன் பாயையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வந்து களரியைச் சுற்றி அமர்ந்தவர்களுக்கு இரட்டிப்பு நன்றியையும் தெரிவித்துக்கொள்கிறோம். ஒலிபெருக்கிக்கான அனுமதியைத் தந்துதவிய பொலிஸ் நிலைய அதிகாரிகளுக்கும் எமது நன்றி.

மகளிர் தின நிகழ்வுகளையொட்டிச் சொல்ல வேண்டியது, மாணவியரின் பெற்றோரைப் பற்றியது. கூத்துக் களரியில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஏற்று ஆடிய வழக்கம் இங்கு நெடுங்காலம் நிலவியது. எமது நிறுவகத்தில் பயில்வோரில் பெண்களே மிகுதி. ஆகவே இம்முறை அரசனாகவும் தளபதியாகவும் மாணவியர் ஆடினர். வில்லும் வாளும் எடுத்தனர். அடுக்குப் பார்க்கும் ஒத்திகை நாட்களில் பயிற்சி முடியப் பின்னிரவாகும் என்பதை அறிந்தும் மறுப்புச் சொல்லாமல், சிலர் தாமே வந்து படிக்கட்டில் காத்திருந்து, மகளை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வாகரைக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் திரும்பினார்கள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியதையும் அவர்களே தாங்கிக்கொண்டார்கள். சதங்கை அணியும் நாளில் அந்தத் தாய்மார் களரியோரத்தில் நின்று போட்ட குரவையை நிகழ்ச்சி நிரலில் நாம் எழுதியிருக்கவில்லை. அடுத்த முறையும் எழுதப் போவதில்லை. அது கேட்டு வாங்கும் பொருளன்று.

காண்பியக் கலைத் துறையின் கண்காட்சியைப் பார்த்தவர்கள், வாயிலுக்கு நேரே கண்மட்டத்தில் தொங்கிய பிரம்புக் கூட்டை மறந்திருக்க மாட்டார்கள். துணி போர்த்தாத கரப்புடுப்பு அது. இடுப்பில் சிறிதாகத் தொடங்கிக் கீழே விரியும் வளையங்களைக் கயிற்றால் பிணைத்து, சுவரில் நிழல் விழும்படி விளக்கு வைத்திருந்தோம். உடுப்புக் கட்டும் கலையில் தேர்ந்த பெரியவர் ஒருவர் இரு கிழமைகள் துறைக்கு வந்து அதைக் கட்டக் கற்றுத்தந்தார். மாணவர் முதலில் மெல்லிய பிரம்பைத் தெரிவு செய்தனர். வளைத்தால் அழகாக இருந்தது, ஆடினால் ஒடிந்தது. அவர் ஆடுபவரை நிறுத்தி, இடுப்பைச் சாணால் அளந்து, ஒரு சுற்று ஆடச் சொல்லிப் பார்த்த பின்னரே பிரம்பை ஊறவைத்தார். சுழலும்போது உடுப்பு ஆடுபவரின் காலைத் தொடாமல் எழுந்து அடங்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே அளவுகோல். உடல் இயக்கத்தை வரைவது பற்றி நாம் வகுப்பறையில் சொல்லி வந்ததையெல்லாம் அந்த ஒரு கூடு தெளிவாக்கிவிட்டது. கண்ணாடித் துண்டும் மணியும் பதித்த பழைய கூத்துக் கிரீடங்களான முடிகளைத் தம் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்சிக்குத் தந்ததற்கும் அவருக்குக் கடமைப்பட்டுள்ளோம்.

மருதமுனைக் கைத்தறி நெசவாளர்கள் தறியொன்றையே கழற்றிக் கொண்டுவந்து கண்காட்சிக் கூடத்தில் பூட்டி, பார்வையாளர் முன்னிலையில் நெய்து காட்டினார்கள். றபான் எனும் தோற்கருவி இசையுடன் பொல்லடி எனும் கோலாட்டம் ஆடிய குழுவினர் நோன்புக் கால ஒழுங்கையும் எமது நேரத்தையும் பொருத்திக்கொண்டு ஒரு மாலையைத் தந்தார்கள். போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த மட்டக்களப்பின் பறங்கியர் குடும்பங்கள் கபரிஞ்ஞா நடனம் ஆடிய மாலையும் மறக்கவொண்ணாதது. போர்த்துக்கேயக் கிரியோல் மொழிப் பாடல்களைப் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். திருமண வீட்டில் ஆடும் ஆட்டத்தை நாற்காலிகள் வரிசையாகப் போட்ட மண்டபத்தில் ஆடுவதெப்படி என்று அவர்கள் கேட்டதன் பேரில் முன்வரிசைகளை அகற்றினோம். வயலின் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் பார்வையாளரிற் பாதிப்பேர் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். அதே குடும்பங்களைச் சேர்ந்த தச்சர்கள் கண்காட்சிக்கான சட்டங்களையும் பீடங்களையும் கூலி குறைத்துச் செய்து தந்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பறைமேளக் கலைஞர்களுக்கு நன்றி கூறுகையில் அவர்கள் விதித்த நிபந்தனையையும் பதிவு செய்வது முறையாகும். வரவேற்பு மேளமாக மட்டும் அழைப்பதாயின் வரமாட்டோம் என்றார்கள். அதிதிகளுக்கு முன்னே அடித்துக்கொண்டு நடந்து, வாயிலோடு நின்றுவிடும் வழக்கம் தமக்கு வேண்டாம் என்பது அவர்களின் நிலைப்பாடு. பறை, தொட்டிலடி ஆகிய தோற்கருவிகள், சொர்ணாளி எனும் குழல் மூன்றும் மேடை நடுவில் அமர்ந்து, நிகழ்ச்சி நிரலில் கலைஞர் பெயர்கள் அச்சாகி, கருநாடக இசைக் கச்சேரிக்கு ஒதுக்கிய அதே நேரம் ஒதுக்கப்பட்ட பின்னரே வந்தார்கள். நியாயமான நிபந்தனை. மறுநாட் பயிற்சிப் பட்டறையில் இசைத்துறை மாணவர் அவர்களின் தாள அடைவுகளை எழுத முயன்று திணறியதும், கலைஞர்கள் பொறுமையாகத் திரும்பத் திரும்ப அடித்துக் காட்டியதும் இன்னொரு வகையான மரியாதை. அந்த ஒலிப்பதிவுகள் நூலகத்தில் சேர்க்கப்பட்டுள்ளன.

இனி, பெயர்ப் பட்டியல்களில் இடம்பெறாதோர். மண்டூரிலிருந்து வந்த கலைஞர்கள் திரும்பிச் செல்கையில் குறுமண்வெளித் துறையை அடைய இருட்டிவிட்டது. வீடு செல்லப் புறப்பட்டிருந்த, வாவியைக் கடக்க உதவும் படகுப் பாதைத் தொழிலாளர்கள் அவர்களின் மத்தளங்களைக் கண்டு, மீண்டும் கயிற்றை அவிழ்த்து அக்கரை சேர்த்தார்கள். சிற்றுண்டிச்சாலைப் பெண்கள் கூத்து இரவில் அடுப்பை அணைக்கவே இல்லை. துப்புரவுத் தொழிலாளர்கள் ஒவ்வொரு காலையும் நாம் எழுந்து வருமுன் முந்திய இரவின் குப்பையை அகற்றியிருந்தார்கள். மின்சாரம் தடைப்பட்ட மாலையில் தம் கடையின் மின்பிறப்பாக்கியை முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்பிய அயல் வர்த்தகர், வாடகை எவ்வளவு என்று கேட்டபோது எண்ணெய்க் காசையும் வாங்க மறுத்துவிட்டார்.

பணமாக உதவியோர், அரிசி, தேங்காய், விறகு தந்தோர், பதாதைகளை அடக்கவிலைக்கு அச்சிட்டுத் தந்தோர் ஆகியோருக்குத் தனித்தனியே கடிதம் அனுப்பப்படுகிறது. கணக்கறிக்கையும் அதனுடன் இணைக்கப்படும்.

மாணவரைப் பற்றி ஒரு சொல். அவர்கள் உழைத்தது உண்மை. அதற்காக அவர்களைப் புகழ்வது இம்மடலின் வேலையன்று. ஆயினும் முதலாம் வருட மாணவர் எவரும் கேட்காமலே ஒரு காரியம் செய்தார்கள். நிகழ்வுக்கு வந்த மூத்த கலைஞர் ஒவ்வொருவரிடமும் அவர்தம் ஆசிரியர் யார், அந்த ஆசிரியருக்கு ஆசிரியர் யார், எந்தக் கூத்தில் எந்த வேடம் ஏற்றார், கூத்துக் கொப்பி இப்போது யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்துள்ளார்கள். கறையானுக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிய ஏடுகள் எந்தெந்த வீட்டில் உள்ளன என்பது இதனால் ஓரளவு தெரியவந்துள்ளது. அவற்றைப் பார்வையிடவும் படமெடுக்கவும் இசைந்துள்ள குடும்பத்தினருக்கு முன்கூட்டியே நன்றி தெரிவிக்கிறோம். ஏடுகள் எக்காரணம் கொண்டும் வீட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்லப்படமாட்டா. எமது ஒளிப்படக் கருவியே அங்கு வரும்.

நிறைவாக ஓர் அறிவித்தல். இரவலாகப் பெற்ற முடிகள், வாள்கள், சல்லாரிகள், பன்பாய்கள், குத்துவிளக்குகள் ஆகியவற்றைப் பெயரிட்டுக் காண்பியக் கலைத் துறை அறையில் வைத்துள்ளோம். உரியவர்கள் அலைய வேண்டியதில்லை; மாணவர் குழுவினர் வார இறுதி நாட்களில் நேரில் கொண்டுவந்து கையளிப்பார்கள். கரையில் சிவப்பு நூல் வேலை செய்த வெள்ளைத் துணி ஒன்றும், பித்தளைத் தாளம் ஒரு சோடியும் யாருடையவை என்று அறியப்படாமல் உள்ளன. அடையாளம் சொல்லி அனுப்பினால் அவற்றையும் சேர்ப்பித்துவிடுவோம்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர்,
கலை மாத ஏற்பாட்டுக் குழுவினர் சார்பில்,
கல்லடி, மட்டக்களப்பு.