பதிவேடு மெய் பேசட்டும்: திருச்சபைப் பள்ளிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலிச் சீமையில் திருச்சபைப் பள்ளிகளை நடத்திவரும் தாளாளர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தலைமையாசிரியர்களுக்கும், உடன் ஆசிரியர்களுக்கும் அன்பின் தோத்திரம்.

அரசு உதவிபெறும் திருச்சபைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எழுதப் படிக்கக் கற்றதும் இத்தகைய பள்ளி ஒன்றில்தான். என் தாத்தா பனையேறி. அவர் மகனை எழுத்தறிந்தவராக்கியது சபைக் கோவிலை ஒட்டி நின்ற ஓரறைப் பள்ளிக்கூடம். ஆகவே வெளியே நின்று குறை சொல்பவனாக இதை எழுதவில்லை. உங்கள் பள்ளிகளில் படித்து, உங்கள் பள்ளிகளில் பிழைத்தவன், அந்தக் கடனை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, முகப்புச் சுவரில் அவ்வாண்டுக்குரிய வசனத்தைப் புதிதாக எழுதுகிறோம். காலை வழிபாட்டில் உண்மை, உத்தமம், தாழ்மை என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடமும் மற்றப் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கப் பாடமும் கால அட்டவணையில் இடம்பெறுகின்றன. இவையெல்லாம் நடக்கட்டும். ஆனால் கிறிஸ்தவ குணம் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகள் இவற்றிலிருந்து அறிவதில்லை என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் விளங்கியது. பள்ளியில் உள்ள பெரியவர்கள் எதை எழுதி, எதற்குக் கீழே கையெழுத்திடுகிறார்கள் என்பதைப் பார்த்தே அவர்கள் அதை அறிகிறார்கள். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, ரசீதுப் புத்தகம், பணி நியமன ஆணை ஆகிய இவையே அவர்கள் நம்மிடம் படிக்கும் வேதபாடம்.

இதை எனக்குக் கற்றுத்தந்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. ஊரையும் பள்ளியையும் குறிப்பிட விரும்பவில்லை. அவள் தாய் பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்தியவர். மாலையில் தாயோடு அமர்ந்து பீடிக்கட்டுகளை எண்ணி அடுக்குகிற பிள்ளை. எண்ணிக்கையில் குறை இருந்தால் கடையில் ஏற்கமாட்டார்கள் என்பதை அறிந்தவள். அரையாண்டுத் தேர்வின் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், ஆசிரியர் அறையின் வாசற்படிக்கு வெளியே தாளை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அழைத்தபோது தாளை மேசைமேல் விரித்து, ஏழாவது கணக்கின் ஓரத்தில் விரலை வைத்தாள். “இந்த நாலு மார்க்க ரெண்டு தரம் கூட்டிருக்கிய சார்” என்றாள். தாளின் தலைப்பில் சிவப்பு மையில் நான் எழுதியிருந்தது 37. மீண்டும் கூட்டிப் பார்த்தேன்; 33தான் வந்தது. தேர்ச்சிக்கு வேண்டியது 35 என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 37ஐ அடித்து 33 என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். அவள் முகத்தில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. கணக்கு சரியாகிவிட்டது என்ற நிம்மதி மட்டும் இருந்தது.

அன்று பிற்பகலே, தேர்ச்சி விழுக்காட்டை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தலைமையாசிரியர் அழைத்தார். 35க்குப் பக்கத்தில் இருப்பவர்களைப் ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றார். அவர் தீயவர் அல்லர். இடிந்துகொண்டிருந்த கட்டடத்துக்கு நிதி கேட்டு அலைந்துகொண்டிருந்த காலம் அது, விழுக்காடு குறைந்தால் கேட்கும் வாய் அடைபட்டுவிடும் என்று அஞ்சினார். நான் மறுக்கவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 35 என்று எழுதினேன். மதிப்பெண் அட்டையிலும் 35 ஏறியது. அட்டையை வாங்கியவள் அந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள்; எதுவும் கேட்கவில்லை. பள்ளியை விட்டுப் போகும் வரை அவள் எந்த விடைத்தாளையும் என்னிடம் திரும்பக் கொண்டுவரவில்லை.

பின்தங்கிய பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் கூட்டிக் கொடுத்தது இரக்கந்தானே என்று சில நண்பர்கள் எனக்கு ஆறுதல் சொன்னதுண்டு. இரக்கம் என்றால் அதை வெளியரங்கமாகச் செய்திருக்கலாம். 33 எடுத்த எல்லாருக்கும் இரண்டு கருணை மதிப்பெண் வழங்கப்படுகிறது என்று வகுப்பில் சொல்லி, பதிவேட்டிலும் அப்படியே குறித்திருந்தால் அது இரக்கமாகவே இருந்திருக்கும். ஒளித்து எழுதியதால் அது கள்ளத்தராசு ஆயிற்று. அந்தத் தராசை நான் அந்தப் பிள்ளைக்காகப் பிடிக்கவில்லை, பள்ளியின் பெயருக்காகப் பிடித்தேன் என்பதையும் அவள் அறிந்துகொண்டாள்.

தாளாளர்களே, இது என் ஒருவனின் தவறோடு முடிந்துவிடுகிற செய்தியாக இருந்தால் என் குருவானவரிடம் அறிக்கையிட்டு அமைதி அடைந்திருப்பேன். ஆகஸ்ட் முதல் தேதியை எண்ணிப் பாருங்கள். உதவிபெறும் பள்ளியில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தேதியின் பொருள் தெரியும். அன்றைய நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டுதான் அந்த ஆண்டுக்கான ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரியாகிவிடுவார். அந்த அச்சத்தில், திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்ட குடும்பத்தின் பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து வருகை குறிக்கப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சீருடை அணிவிக்கப்பட்டு வரிசையில் உட்கார வைக்கப்பட்டதையும் கண்டிருக்கிறேன். கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணும் ஆதாரும் வந்த பிறகு இத்தகையவை கடினமாகிவிட்டன என்பது உண்மைதான். ஆயினும் இயந்திரம் தடுத்ததால் நின்றுபோன பொய்யை நம் உத்தமத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் உட்கார வைக்கப்பட்ட அந்நியப் பிள்ளை யார் என்று வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அதிகாரி பெயர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்களுடைய ஆசிரியர்தான். அன்று காலை வழிபாட்டில் வாசிக்கப்பட்ட வேதபகுதி எதுவாக இருந்திருந்தால் என்ன?

நியமனங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இதை வாசிப்பவர்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். உதவிபெறும் பணியிடத்துக்குச் சம்பளம் அரசு தருகிறது. நியமிக்கும் உரிமை நிர்வாகத்திடம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் ‘கட்டட நிதி’ என்றும் ‘காணிக்கை’ என்றும் பெயர் சொல்லி வாங்கப்படும் பணத்துக்கு ரசீது கிடைப்பதில்லை. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர், மறுநாள் வகுப்பில் பத்துக் கட்டளைகளை விளக்க நிற்கிறார். அவர் குரல் உயராததற்குக் காரணம் அவருடைய விசுவாசக் குறைவு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன பிறகுதான் அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற செய்தியை, ஞாயிறு பள்ளியில் அரைக்கால்சட்டை வயதில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்தவர்கள்.

சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு வழங்குகிறது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நம்மவர் பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிறர் மேல் உள்ள கட்டு நம்மேல் இல்லாத இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைத்தான் பிள்ளைகளும், நம்மை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் இந்து, இசுலாமியப் பெற்றோரும் கவனிக்கிறார்கள். மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் அனுப்பப்படும் பிள்ளைக்குக் கிறிஸ்தவம் என்றால் நம் அலுவலக எழுத்தர் அவன் தாயிடம் பேசும் விதம். ஒன்பதாம் வகுப்பில் தேறமாட்டான் என்று தோன்றியவுடன், பத்தாம் வகுப்பின் நூறு விழுக்காட்டுக்காக, டி.சி.யை வாங்கிக்கொண்டு போகும்படி தகப்பனிடம் நாம் சொல்லும் விதம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த மடலை முடிக்க என் மனச்சாட்சி இடந்தரவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். சாதிப் பகையால் அவனை வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதன் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது, அகர வரிசைப்படி வகுப்பில் அமர வைக்க வேண்டும் என்பன போன்ற பரிந்துரைகள் அதில் உள்ளன. அவற்றை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இவற்றை ஒரு நீதிபதி வந்து நமக்குச் சொல்ல வேண்டியிருந்ததே! 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர், தம் பொறுப்பில் பயின்ற பிள்ளைகள் சாதி பாராமல் உடனமர்ந்து உண்ண வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். நம் சபைகளில் இன்றும் அசனப் பண்டிகை நடக்கிறது. வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, ஒன்றாகப் பொங்கி, ஒரே பந்தியில் உட்காருகிறோம். அந்தப் பந்தியில் உட்கார்ந்து எழுந்த கையோடு, பள்ளியில் எந்த ஆசிரியர் ‘நம்ம ஆள்’, எந்த மாணவன் ‘அந்தத் தெரு’ என்று பேசிக்கொள்வது பிள்ளைகளின் காதில் விழாது என்றா நினைக்கிறோம்? கையில் கட்டிய கயிற்றைக் கத்தரித்துவிடலாம். ஆசிரியர் அறையில் புழங்கும் கயிற்றை யார் கத்தரிப்பது? சாதியை ஞானஸ்நானத் தொட்டிக்கு வெளியே விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நானும் ஆசிரியர் அறையின் அந்தப் பேச்சுகளில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவனே.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. வருகிற ஆகஸ்ட் முதல் தேதி காலை வழிபாட்டில், ஒவ்வொரு வகுப்பிலும் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையையும் அன்று வந்திருப்போர் எண்ணிக்கையையும் பிள்ளைகள் முன் தலைமையாசிரியர் உரக்க வாசிக்கட்டும். வகுப்புத் தலைவர்கள் எண்ணிச் சரிபார்க்கட்டும். எண்ணிக்கை குறைந்து ஒரு பணியிடம் போகுமானால், அந்த ஆசிரியருக்கு வேறு பள்ளியில் இடம் தேடித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பாகட்டும். பொய்யான வருகையால் அவரைக் காக்க வேண்டாம். கருணை மதிப்பெண் போடுவதென்றால் அதற்கென்று பதிவேட்டில் தனிப் பத்தி வையுங்கள். பணி நியமனத்துக்கு விண்ணப்பித்தோரின் தகுதி வரிசையைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யாரிடமிருந்து எவ்வளவு நன்கொடை பெறப்பட்டாலும், அது எவ்வளவு நல்ல காரியத்துக்கானாலும், ரசீது கொடுங்கள். தவறை ஒப்புக்கொண்டு முன்வரும் பிள்ளை, மறைத்துத் தப்பிய பிள்ளையைவிட அதிகமாகத் தண்டிக்கப்படும் பள்ளியில் எந்த வேதபாடமும் வேர்விடாது என்பதை ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறையாவது பேசுங்கள். கூட்டல் சரிபார்க்க ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் வேண்டுமென்றால் எந்தப் பள்ளிக்கும் வர நான் ஆயத்தமாக இருக்கிறேன், பயணப்படி வேண்டாம்.

‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்’ சொல்லும்படி நம் ஆண்டவர் கற்பித்தார். அந்த அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் பதிவேடு இன்னும் அந்தப் பள்ளியின் அலமாரியில் எங்கேனும் இருக்கலாம். அதில் அந்த மாணவியின் பெயருக்கு நேரே 35 என்று எழுதியிருக்கும். அருகில் என் சுருக்கொப்பம் இருக்கும். அவள் எடுத்தது 33.

இப்படிக்கு,
உங்கள் உடன் ஊழியன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியன்,
பாளையங்கோட்டை.