நாற்பது கேள்விகளும் ஒரு நீள நோட்டும்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நம் கூட்டுறவுச் சங்கத்தின் 'டிஜிட்டல் பண்பாட்டை' அளக்கப்போவதாகச் சொல்லிப் போன மாதம் நாற்பது கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். 'புதிய தொழில்நுட்பத்தை ஆர்வத்துடன் வரவேற்கிறேன்' என்று ஒன்று. அதன் கீழே 'முழுமையாக ஏற்கிறேன்' தொடங்கி ஐந்து வட்டங்கள். ரென்சிஸ் லிக்கர்ட் 1932-ல் வகுத்துக் கொடுத்த முறை. பழைய முறை என்பதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உள்ளே நுழையும்போதே பணியாளர் எண்ணைக் கேட்டது. ஆள் யாரென்று தெரிந்துகொண்டு மனசைக் கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? எல்லோரும் முதல் வட்டத்தையே தொட்டோம், நானும்தான். நல்ல மதிப்பெண் வந்திருப்பதாகச் சுற்றறிக்கை வந்தது. அதையும் பிரிண்ட் எடுத்துத்தான் ஃபைலில் வைத்திருக்கிறோம்.

கவுண்டரில் நடப்பது வேறு. நகைக்கடன் எண்ட்ரியைக் கணினியில் போட்டு முடித்ததும் அதே கடன் எண், அதே எடை, அதே தொகையை ஒரு நீள நோட்டிலும் எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் யாருமில்லை, வேண்டாம் என்றவரும் இல்லை. ஒருநாள் மத்தியானம் சர்வர் போய்த் திரும்பி வந்தபோது நாலு ரசீதைக் காணோம். யார் கைத்தவறு என்று விசாரணை நடந்தது. எப்படிக் காணாமல் போனது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மறுநாளே நோட்டு வாங்கிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். அவர் போன வருஷமே வாங்கிவிட்டாராம். போன வாரம் வந்த ஓர் ஆச்சி, செல்லில் வந்த எஸ்எம்எஸ்ஸை என்னிடம் காட்டிவிட்டு, "இது கெடக்கட்டும், நோட்டுல எழுதிட்டியாத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

எட்கர் ஷைன் என்ற அறிஞர் நிறுவனப் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரிவது, வாயால் சொல்வது, யாரும் சொல்லாமலே அடியில் ஊறிக் கிடக்கும் நம்பிக்கை. உங்கள் நாற்பது கேள்விகளும் வாயோடு நின்றுவிட்டன. என் நோட்டு மூன்றாவது அடுக்கிலிருந்து வந்தது.

தூரத்தில் இருந்துகொண்டு ஒரு கடையை அளப்பது நம் செட்டிநாட்டுச் சீமைக்குப் புதிதா என்ன? அந்தக் காலத்தில் பர்மாவில் இருந்த ரங்கூன் வட்டிக்கடைக்கு ஏஜெண்டை மூன்று வருஷத்துக்கு அனுப்பிவிட்டு முதலாளி தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார். அங்கிருந்து கணக்கு வரும். ஐந்தொகையை, அதாவது வரவு செலவு, சொத்து கடன் எல்லாம் அடங்கிய இருப்புக் கணக்கைப் பார்த்தால் கடை எப்படி நடக்கிறதென்று தெரிந்துவிடும். பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் எடுபிடியாகப் போனவனும் கடையில் உட்கார்ந்துதான் தொழில் பழகினான். (அந்தக் காலத்து முதலாளிகள் கெடுபிடிக்குப் பேர் போனவர்கள். அதையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லவில்லை.)

நீங்களும் வேலை விட்டுச்செல்லும் தடயத்தை எண்ணுங்கள். ஒரு வாரம் கவுண்டருக்கு உள்பக்கம் உட்காருங்கள். எத்தனை எண்ட்ரி இரண்டு தடவை எழுதப்படுகிறது, சர்வர் புகாருக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது, கணினி தெரிந்த அந்த ஒரு தம்பி லீவு போட்டால் என்னென்ன வேலை நிற்கிறது என்று பாருங்கள். பாஸ்வேர்டு எழுதிய சீட்டு எந்தக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறது என்பதும் அப்போது தெரியும். ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி எண்ணுங்கள்.

தவறுகளை எண்ணும்போது மட்டும் நிதானம் வேண்டும். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள். நம் கிளையில் தவறே பதிவாகவில்லை என்று சுற்றறிக்கையில் பாராட்டியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-ல் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கணினிப் பெட்டிகள் வந்து இறங்கிவிடும். அவற்றுக்குப் பக்கத்தில் எத்தனை நீள நோட்டுகள் இருக்கும் என்பதைத் திட்டச் செலவிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

என்னுடையதில் இன்னும் பன்னிரண்டு பக்கம் மிச்சமிருக்கிறது. அடுத்த நோட்டு வாங்கட்டுமா, வேண்டாமா?

இப்படிக்கு,
நகைக்கடன் கவுண்டர் எழுத்தர்,
காரைக்குடி