வாய்வு என்று விட்டுவிடாதவர்களுக்கு நன்றி

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் கேட்டது மீன் குழம்பு, கிடைத்தது கஞ்சி.

அவருக்குத் தொடை இடுக்கில் ஆறு வருடமாக ஹெர்னியா, அதாவது குடல் பிதுங்கி வெளியே வீங்கி நிற்பது. படுத்துக்கொண்டு கையால் அமுக்கினால் உள்ளே போய்விடும், அதனால் ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே வந்தார், நாங்களும் விட்டுவிட்டோம். அன்று ராத்திரி அது உள்ளே போகவில்லை. வாந்தி, வயிறு கல் மாதிரி. முதலில் காட்டிய இடத்தில் வாய்வு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். சரி, அதை விடுங்கள்.

108க்குப் போன் போடச் சொன்ன எதிர்வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. ஆம்புலன்ஸில் வந்த தம்பி அப்பாவிடம் பெயர் கேட்டார், அப்பா என் தாத்தா பெயரைச் சொன்னார். தூக்கக் கலக்கம் என்று நான் சமாளித்தேன். அந்தத் தம்பி நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, போகிற வழியிலேயே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லிவிட்டார்.

அது ஏன் முக்கியம் என்று டியூட்டி டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது. குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியா எப்போதும் இருக்கிறதாம், உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்தான் அவற்றுக்கு வேலி. குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றால் முதலில் சாவது அந்த வேலி. குடலில் ஓட்டை விழ வேண்டும் என்றுகூட இல்லை, அதற்கு முன்பே ஈகோலை போன்ற கிருமிகளின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்கிற நஞ்சு ரத்தத்துக்குள் கசிய ஆரம்பித்துவிடும். கல்லீரல் முடிந்தவரை வடிகட்டும், அளவு மீறினால் அதுவும் கைவிட்டுவிடும். அப்புறம் பிரஷர் இறங்கும், சிறுநீர் குறையும், புத்தி தடுமாறும். அப்பா பெயரை மாற்றிச் சொன்னது அதனால்தான்.

சர்ஜன் அம்மாவுக்குத் தனி நன்றி. சிக்கலை அவிழ்ப்பதற்கு முன்பே, அதில் தேங்கிய அழுக்கு நீரை உறிஞ்சி எடுத்து, கறுத்த குடல் வயிற்றுக்குள் நழுவிவிடாமல் பிடித்துக்கொண்டு வெட்டினார்களாம். ஒன்றரை அடி போனது. மருந்தில் கிருமி சாகும்போதும் அந்த நஞ்சு வெளியேறும், அதனால் இன்று ராத்திரி இன்னும் மோசமாகலாம் என்று முன்கூட்டியே சொன்னார். மோசமாகத்தான் ஆனது.

அந்த ராத்திரி முழுக்க ஐசியூ நர்ஸ் அக்கா மணிக்கொரு தடவை குனிந்து சிறுநீர்ப் பையைப் பார்த்து எழுதினார். 10 மில்லி. 15 மில்லி. நாலு மணிக்கு வெளியே வந்து, "40 வந்திருக்கு தம்பி, போய் டீ குடிங்க" என்றார். அந்த டீக்கு என்ன சுவை என்று இன்னும் நாக்கில் இருக்கிறது.

இன்னொரு நன்றி, சிரிக்காதீர்கள், குதிரை லாட நண்டுக்கு. நரம்பில் ஏற்றும் சலைனில் இதே எண்டோடாக்சின் இருக்கிறதா என்று சோதிக்க அந்த நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த பொருளைத்தான் பயன்படுத்துகிறார்களாம். அப்பாவுக்கு எத்தனை பாட்டில் ஏறியது என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

ரத்தம் கொடுத்த நண்பர்கள், வார்டைப் பெருக்கிவிட்டு அம்மாவுக்கு இட்லி வாங்கி வந்து கொடுத்த ஆயா, எல்லாருக்கும் நன்றி.

சித்தப்பாவுக்கும் இதே ஹெர்னியா இருக்கிறது. நேற்று அப்பாவே போன் போட்டு அவரைத் திட்டினார். வியாழக்கிழமை அட்மிஷன்.