கையால் திறந்த தூக்குப்பாலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வித்தியாசமான வேலைகள் என்றால் வெளிநாட்டு உதாரணங்களைத்தான் தேடுகிறோம். 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிடக் கடல் நடுவே நின்று பாலத்தையே கையால் திறந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

அந்தத் தூக்குப்பாலத்துக்கு மோட்டார் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, இரும்புக் கம்பிகளைப் பிடித்துத் தள்ளியபடி செக்கு சுற்றுவதுபோல வட்டமாக நடப்பார்கள். பல்சக்கரங்கள் சுழல, இரண்டு இரும்புக் கைகளும் மெல்ல வானத்தை நோக்கி எழும். கீழே விசைப்படகுகள் வரிசையாகக் கடந்து போகும். அப்புறம் அதே ஆட்கள் எதிர்த்திசையில் சுற்றி இறக்கி, தண்டவாளம் சரியாகப் பொருந்த வைக்க வேண்டும். பொருந்தினால்தான் ரயில் போகும். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள்; அப்படிக் காற்று வீசும் இடம் அது. என் பார்வையில், இதைவிட அபூர்வமான வேலை இந்தக் கரையில் இல்லை.

1964 புயலில் பாலம் சிதைந்தபோதும் இந்தத் தூக்குப்பகுதி தப்பியது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம் மின்சாரத்தில் செங்குத்தாக உயர்கிறது. நல்லதுதான், வரவேற்கிறேன்.

ஆனால் கம்பி தள்ளிய அந்தத் தொழிலாளர்கள்? ஓய்வு பெற்றவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ரயில்வே முன்வர வேண்டும். அவர்கள் பெயர்களைப் பாம்பன் நிலையத்தில் பலகையாக வைக்க வேண்டும். உங்கள் நிருபர் ஒருவர் இப்போதே வந்தாலும் பேச ஆட்கள் கிடைப்பார்கள்.

ஒரு வாசகர், மண்டபம்