காலடித் தடத்தோட நின்னுபோன கதை: புத்தகத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நூலகத்துக்கு புத்தகம் தேர்வு பண்ற குழுவுல இருக்குற ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன், பழைய ஊரு) பக்கம் எங்க கிளை நூலகம் இருக்குற நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்ல, ஆலோசனை நோட்டுல மூணு தடவ எழுதியும் பதில் வரல, அதான் பொதுவுலயே எழுதிடறேன். கேக்குறது ஒண்ணே ஒண்ணு: பத்துலேர்ந்து பதினாலு வயசு பசங்களுக்கு சாகசக் கதைங்க, தமிழ்ல, முழுப் புத்தகமா, ஒரு ரேக் அளவுக்கு வாங்கிப் போடுங்க.

எங்க அக்கா பையன் ஆறாவது படிக்கிறான். போன் குடுத்தாதான் சோறு இறங்கும். அவன் கைல எப்படியோ ராபின்சன் குரூசோ தமிழ்ச் சுருக்கம் ஒண்ணு சிக்கிடுச்சு, அட்டை கூட இல்ல. கப்பல் உடைஞ்சு ஆளில்லாத தீவுல தனியா மாட்டிக்கிட்டவன் கதை, 1719ல வந்தது, பய ரெண்டு நாள் போனத் தொடல. உடைஞ்ச கப்பல்லேர்ந்து அரிசி, ரொட்டி, துப்பாக்கின்னு தெப்பத்துல ஏத்திக் கரை சேக்குறது, கம்பத்துல வெட்டு போட்டு நாள் எண்ணுறது, கிளிக்கு பேச்சு சொல்லித் தர்றதுன்னு சாப்பிடறப்பவும் அதே பேச்சுதான். அப்புறம் கதைல குரூசோ ஒரு நாள் கரையோரம் நடக்குறான், மணல்ல ஒரே ஒரு காலடித் தடம். அவனோடது இல்ல. பையன் பக்கத்த திருப்புறான், அடுத்த பக்கம் இல்ல, தச்ச நூல்தான் தொங்குது. ராத்திரி பத்தரைக்கு என்னை எழுப்பி "மாமா, அது யார் காலு?"ன்னு கேக்குறான்.

மறுநாள் லைப்ரரிக்கு கூட்டிட்டுப் போனேன், வேற காப்பி இல்ல. சிறுவர் ரேக்ல நீதிக்கதை, பொது அறிவு வினா விடை, கட்டுரையும் கடிதமும். ஆமையும் முயலும் மட்டும் ஒன்பது புக்குல எண்ணினேன், ஒன்பதுலயும் ஆமைதான் ஜெயிக்குது. அங்க இருக்குற அம்மா பாவம், "வர்றதத்தான சார் அடுக்க முடியும்"னாங்க.

சாகசக் கதை படிச்சா பசங்க கவனம் சிதறிடும்னு உங்கள்ல ஒருத்தர் சொன்னதா கேள்விப்பட்டேன். 2004 டிசம்பர் 26 காலைல எங்கப்பா கடல்ல இருந்தாரு, ஆழத்துல சுனாமி அலை போனதே போட்டுல இருந்தவங்களுக்குத் தெரியல, கரைக்கு வந்தாதான் குப்பம் இல்ல. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், எல்லாம் இந்த மண்ணுலதான். தப்பிப் பொழைக்கிற கதைய இந்தப் பசங்களுக்குத் தராம யாருக்கு ஐயா தரப்போறீங்க?

எதை வாங்குறதுன்னு யோசனையா இருந்தா நானே சொல்றேன். 1915ல அண்டார்டிக் பனி, தென் துருவப் பக்கம் பயணம் போன ஷாக்கில்டனோட கப்பல நொறுக்கிடுச்சு, அதுல போன 28 பேரும் உயிரோட திரும்பினாங்க, அது கதை இல்ல, நடந்தது. 1947ல நார்வேக்காரர் ஹெயர்டால் இன்னும் அஞ்சு பேரோட பால்சா மரத் தெப்பத்துல பெருவுலேர்ந்து கிளம்பி பசிபிக்ல 101 நாள் போனாரு, கட்டுமரம் பாத்து வளர்ற பையன் முதல்ல கயிறு எப்படி கட்டினாங்கன்னுதான் கேப்பான். 2002ல புக்கர் பரிசு வாங்கின லைஃப் ஆஃப் பை நாவல்ல கடல்ல 227 நாள் தவிக்கிறவன் நம்ம பாண்டிச்சேரிப் பையன், பஸ்ல போயிட்டு வந்துடற தூரத்துல இருக்குற ஊரு, ஆனா ஒரு காப்பி இங்க இல்ல. (அது ஆறாங்கிளாசுக்கு வேணாம், ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, ஒன்பதாவதுக்கு மேல தரலாம்.)

வீட்டு வரி கட்டறப்பல்லாம் நூலக வரியும் சேத்துதான் கட்டுறோம், போட்டித் தேர்வு கைடு மட்டும் வருசா வருசம் புது எடிஷன் வந்துடுது, ஃபேன் ஒண்ணு ஓடல, பாத்ரூம் பத்தி எழுதினா இன்னொரு மடல் ஆயிடும்... மன்னிக்கணும், எங்கயோ போயிட்டேன். கேக்க வந்தது சாகசக் கதை, தமிழ்ல, முழுசா, ஒரு ரேக். வாங்கறப்ப கடைசிப் பக்கம் இருக்கான்னு தயவு செஞ்சு ஒரு தடவ பாத்துடுங்க.

அது யார் காலுன்னு நானே பையனுக்குச் சொல்லிடலாம், எனக்குத் தெரியும். சொல்லல. புக்கு வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன், தினம் ஸ்கூல் விட்டு வர்ற வழியில லைப்ரரில எட்டிப் பாத்துட்டுதான் வர்றான்.

இப்படிக்கு,
கடலூர் ஓ.டி. வாசகன் ஒருத்தன்