பாட்டிலில் நேரத்தை எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பற்றி ஒவ்வொரு அக்டோபரிலும் நிறைய எழுதுகிறீர்கள். ஆனால் அறுத்தெடுத்த கட்டி அப்புறம் எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று யாரும் எழுதிப் படித்ததில்லை. 31 வருடம் பெத்தாலஜி லேபில் (திசுவைச் சோதித்து நோயைக் கண்டறியும் இடம்) டெக்னீஷியனாக இருந்தவள் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

என் தங்கைக்குச் சின்ன ஊர் மருத்துவமனை ஒன்றில் சனிக்கிழமை சாயங்காலம் மார்பகத்தை எடுத்தார்கள். எடுத்ததை வெறும் சலைனில் (உப்பு நீரில்) போட்டு வைத்து, திங்கட்கிழமைதான் லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்று காட்டும் சோதனைகளான ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) மூன்றுமே நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தது. அப்படியானால் ஹார்மோன் மாத்திரையால் பயனில்லை என்று அர்த்தம். எனக்கு மனசு ஒப்பவில்லை. அறுவைக்கு முன்பு ஊசியில் எடுத்த பயாப்சியின் மெழுகு பிளாக் (திசுத் துண்டை மெழுகில் பதித்து வைத்தது) வேறொரு லேபில் இருந்தது. தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் கேசட், ஓரத்தில் பென்சிலில் எழுதிய எண். (பேனா மை லேபில் பயன்படுத்தும் சைலீன் திரவத்தில் கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.) அதை வாங்கிவந்து மறுபடி சோதித்தோம். ஈ.ஆர். பளிச்சென்று பாசிட்டிவ். இப்போது தினமும் டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாள்.

உடம்பிலிருந்து பிரிந்ததுமே திசு கெட ஆரம்பித்துவிடும். சலைன் அதைத் தடுக்காது; கெட்ட திசுவில் சோதனை தப்பாக நெகட்டிவ் காட்டலாம். ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் காக்கும் திரவம்) போட வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். முழு மார்பகத்தை அப்படியே அமுக்கி வைத்தால் நடுவிலுள்ள கட்டிக்கு அது போய்ச் சேராது. கட்டி வரை கீறிவிட வேண்டும்.

இன்னொன்று. ஹெர்-2 ரிப்போர்ட்டில் '2+' என்று இருந்தால் முடிவு தெரியவில்லை என்று பொருள். ஃபிஷ் பரிசோதனை (ஹெர்-2 மரபணு கூடியிருக்கிறதா என்று பார்ப்பது) செய்தால்தான், ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிரஸ்டுசுமாப் ஊசி பலன் தருமா என்று தெரியும். செலவுக்குப் பயந்து '2+'-உடன் நின்றுவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டியை எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் பாட்டிலின் மேலேயே எழுதவேண்டும் என்று சுகாதாரத் துறை எல்லா மருத்துவமனைகளுக்கும் உத்தரவு போட வேண்டும். குடும்பத்தினரும் பிளாக் எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். கையில் கொடுத்தால் வெயில் படாமல் வையுங்கள், மெழுகு உருகிவிடும். தங்கையின் பிளாக் எங்கள் வீட்டு பீரோவில், நிலப் பத்திரத்தோடு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருநெல்வேலி.